காப்பு அவிழ்த்த நாள்

ஆலகாலம் அருந்திய பெருமான் திருவடி துணை.

பதுளை,
மார்கழி 4

அன்பு மகள் யசோதினிக்கு, அம்மையப்பன் அருளால் உன் இல்லத்தில் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நானும் உன் அம்மாவும் பாடசாலை முகாமில் குறையின்றி இருக்கிறோம். அவளுக்கு இருமல் தணிந்துவிட்டது. தொலைபேசியில் சொல்ல நாவெழாத ஒன்றை எழுதவே இக்கடிதம்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயில் தலைவனாக நான் காப்புக் கட்டிய மூன்றாம் நாள் அந்தப் பெருமழை பிடித்தது. மஞ்சள் கயிறு கையிலிருக்கும் பத்து நாளும் கோயில் தலைவரின் சொல்லைத் தேயிலைத் தோட்டத்தில் எவரும் மீறுவதில்லை, அவர் விடை தராமல் எல்லை தாண்டுவதுமில்லை. அந்த வழக்கத்தைக் கொண்டே லயத்து வரிசை வீடுகளிலிருந்த சனங்கள் அனைவரையும் பாடசாலைக்கு அனுப்பினேன். மறுநாள் மலை சரிந்து லயத்தை மூடிற்று, ஓருயிரும் போகவில்லை. நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமான அந்நாட்களில் இங்கே என் சொல்லே சட்டமாயிற்று. பத்தாம் நாள் காப்பை அவிழ்த்து ஓடையில் விட்டிருக்க வேண்டும். விழாவே நடக்கவில்லையே என்று காரணம் சொல்லிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். யார் எங்கே படுப்பது, யார் சமைப்பது, யார் வெளியே போவது, எல்லாம் நானே தீர்த்தேன். என் பிழை அதுதான், மகளே. அடுத்த லயத்து ரெங்கம்மாவின் மகள் லுணுகலையில் நிறைமாதமாக இருந்தாள். பாதை திறந்ததும் ரெங்கம்மா வந்து விடை கேட்டபோது, காப்பு இருக்கையில் எல்லை தாண்டலாகாதென்று இருமுறை மறுத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த வாரம் பிரதேச செயலகத்தில் பணிபுரியும் யாழ்ப்பாணத்தவரான இளையதம்பி பதிவுக்காக முகாமுக்கு வந்தார். ஜனாதிபதி விரும்பினால் இந்த அவசரகாலத்தை எத்தனை ஆண்டும் நீட்டலாமா என்று கேட்டேன். “அது சரிவராது ஐயா. பதினாலு நாளுக்குள்ள பாராளுமன்றம் ஓமெண்டு சொல்லோணும், இல்லாட்டிப் பிரகடனம் செத்துப்போம். ஓமெண்டாலும் ஒரு மாசந்தான். பிறகும் வேணுமெண்டால் திரும்பப் பிரகடனம் போட்டு, திரும்ப அங்கதான் கேக்கோணும்” என்று சிரித்தார்.

எனக்கு மெய்சிலிர்த்தது. முப்படையும் சொற்கேட்கும் ஒருவர், ஆபத்து வேளையிலும், மாதந்தோறும் ஒரு சபையின் முன் கேட்டு நிற்பதா! உலகைக் காக்க இறைவன் நஞ்சருந்தியபோதும் உமையம்மையின் கை அதனைக் கண்டத்தோடு நிறுத்திற்று. அந்தக் கையை ஏடுகளில் மட்டுமே கண்டிருந்தேன். ஒரு நாட்டின் சட்டத்துக்குள்ளும் அது இருக்கிறதென்று எழுபத்து மூன்றாம் வயதில்தான் அறிந்தேன். என் மணிக்கட்டைப் பார்த்தேன். அது இருபத்து நான்காம் நாள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் எல்லாரையும் கூட்டி, காப்பு இன்னும் இருக்கலாமா என்று கேட்டேன். ரெங்கம்மா எழுந்தார். “அந்தக் கயிறுதாங்க எங்க உசிரக் காப்பாத்துச்சு, இல்லேங்கல. ஆனா பத்து நாளைக்குத்தான தலையக் குனிஞ்சோம்? மிச்ச நாள யாருங்க ஒங்களுக்குக் குடுத்தா?” என்றார். பின்னாலிருந்து யாரோ, “தலைவருக்குக் கயிறு கையோட ஒட்டிப்போச்சு” என்றதும் சிரிப்பெழுந்தது. உன் அம்மாவும் சிரித்தாள். அம்மன் பெயர் சொல்லி அவிழ்த்தேன். நண்பகலுக்குள் நிவாரண லொறியில் ரெங்கம்மா புறப்பட்டார். அவர் போய்ச் சேர்ந்த மறுநாளே பேத்தி பிறந்தாளாம். தாயும் சேயும் சுகம். மூன்றாம் முறையும் மறுத்திருந்தால் அவர் மகள் தாய்த்துணையின்றியே பெற்றிருப்பாள்.

நீ இப்போது மருத்துவமனையில் தாதியர் பலருக்குத் தலைவி. கிடைத்த அதிகாரம் என்றைக்கு முடியும், நீட்ட யாரைக் கேட்க வேண்டும் என்பதை முதல் நாளே அறிந்துகொள். வெளியே போகையில் கம்பளியை மறவாதே. கயிறிருந்த இடத்தில் வெளிறிய தடமொன்று இருக்கிறது. அது சீக்கிரம் மறையவேண்டாமென்று வேண்டிக்கொள்கிறேன்.

நஞ்சைத் தடுத்த அம்மையின் கை உன்னையும் மருமகனையும் குழந்தைகளையும், உன் வீட்டு வாசல் மிதிக்கும் எல்லாரையும் காத்து நிற்கட்டும்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
இராமையா