அரக்குப் பட்டுத் திரை

காஞ்சிபுரம்
11.11.2024

அன்புள்ள குழலிக்கு,

நான் நலம். உன் தம்பி வீட்டில் நீயும் நலமென்று நம் கலைவாணி சொன்னாள். பெற்ற பெண்ணோடு பேசுகிறாய், புருஷன் கூப்பிட்டால் மட்டும் போனை எடுக்க மாட்டாய். அதனால்தான் இந்த வயதில் தபால் பெட்டியைத் தேடிப் போகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய மறுநாளே மாடியில் அருங்காட்சியகத்தைத் திறந்துவிட்டேன். தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த காலத்திலிருந்து சேர்த்த புரொஜெக்டர், அதில் விளக்காக எரியும் கார்பன் குச்சி, பிலிம் பெட்டி, பாட்டுப் புத்தகம் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. ஆனால் ஜனங்கள் கைதட்டுவது திரைக்குத்தான். அந்தக் காலத்துத் தியேட்டரில் மணி அடித்ததும் சுருங்கிச் சுருங்கி மேலே ஏறுமே, அதே மாதிரி மோட்டார் வைத்திருக்கிறேன். உன் அரக்குப் பட்டுப் புடவை விளக்கு வெளிச்சத்தில் திரையாக ஏறுவதை நீ பார்க்க வேண்டும்.

ஒரு புடவைக்காக யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? முப்பது வருஷமாக பீரோவில் தூங்கியதுதானே! கேட்டால் நீ கொடுத்திருக்க மாட்டாய், அதனால்தான் கேட்கவில்லை. புறப்பட்டு வா.

வீரபாகு

திருப்புட்குழி
15.11.2024

கலைவாணியின் அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. அடுப்பில் போடப் போனேன், தம்பி பிடுங்கிக்கொண்டான்.

கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அது என்ன கடையில் எடுத்த புடவையா? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் அப்பா, கரைப் பக்கம் நான். கல்யாணப் பெண் தன் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்வதா என்று தெருவே கேலி செய்தது. "அவ கட்டப்போற பொடவை, அவளே நெய்யட்டும்பா" என்றார் அப்பா. அவர் போனபின் அவர் கைபட்டதென்று எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அதைத் தையல்காரரிடம் கொடுத்துத் துண்டு போட உங்களுக்குக் கை கூசவில்லையா?

நான் வர வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள். வருகிறவர்களிடம் அது யார் புடவை, யார் நெய்தது, எப்படித் திரையானது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அது போதும், வந்துவிடுகிறேன்.

குழலி

காஞ்சிபுரம்
22.11.2024

குழலிக்கு,

சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நம் வீட்டுச் சண்டையை ஒப்பிக்கச் சொல்கிறாயா? இடித்துவிட்ட ஒரு தியேட்டரின் அசல் திரை என்று சொல்கிறேன், சந்தோஷமாகப் போகிறார்கள். உனக்குப் புதுப் பட்டு எடுத்துத் தருகிறேன், காந்தி ரோட்டில் எந்தக் கடை வேண்டுமோ சொல். ஊர் சிரிப்பதற்குள் வந்து சேர்.

வீரபாகு

திருப்புட்குழி
3.12.2024

வீரபாகு அவர்களுக்கு,

உங்கள் பெயரை முதல் முறையாக எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக மாடியில் நின்றேன். திரை ஏறியது. அழகாகத்தான் இருந்தது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. "பழைய தியேட்டரோட ஒரிஜினல் திரை, நல்லா பாத்துக்கோங்க" என்றீர்கள். என்னால் அடக்க முடியவில்லை. "பொய் சொல்றாரு. இது என் முகூர்த்தப் பொடவை. எங்கப்பாவும் நானும் நெஞ்சது. கேக்காம வெட்டிட்டாரு" என்றேன்.

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் என்னை நன்றாகப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "இந்தம்மா யாருன்னே தெரிலபா. கோயிலுக்கு வந்தவங்க போல இருக்குது. பாவம், மனசு செரியில்ல" என்றீர்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துப் படியிறக்கிவிட்டாள். என் வீட்டுப் படியில், பார்த்து இறங்கும்படி எனக்கே சொன்னாள்.

புடவையை வெட்டியபோதுகூடத் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனேன். இனி இல்லை. முப்பது வருஷம் சோறு போட்டவளைத் தெரியாது என்றவரை எனக்கும் தெரியாது. தெரியாதவரைப் பெயர் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்?

அந்த வீடு அப்பா என் பெயருக்கு எழுதிவைத்தது. ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, இன்று சொல்கிறேன். தெரியாத ஆளுக்கு அங்கே இடமில்லை. பொங்கலுக்குள் புரொஜெக்டர், பிலிம் பெட்டி, பாட்டுப் புத்தகம் என்று உங்களுடையது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். அதை நானே வந்து கழற்றுவேன்.

தணிகாசலம் மகள்
ஏலவார்குழலி