பசையும் ஒட்டகமும் போன பிறகு

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதிக்கிறது.

இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல, ஆனா பத்து மாடி லிஃப்ட் ரிப்பேருன்னா மிஷின் ரூமுக்குப் பத்து மாடியும் நடந்துதானே ஏறணும், டாக்டர் படி ஏறாதீங்கன்னு சொன்னதுக்கு அப்ப லிஃப்ட்டை யாரு சரி பண்றது நீங்களான்னு கேட்டுட்டு வந்திருக்காரு. தம்பி பரீட்சை எழுதிட்டான், நல்லா எழுதியிருக்கேங்கிறான், அவன் என்னைக்கு நல்லா எழுதலைன்னு சொல்லியிருக்கான். எதிர் வீட்டு டெய்லர் மகளுக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்திருக்கு. நீ அனுப்பின ஸ்வெட்டர் எனக்குச் சரியா இருக்கு, கைதான் கொஞ்சம் நீளம், மடிச்சு விட்டுக்கிறேன். என்னடா அம்மா போன் இருக்கும்போது காகிதத்தை எடுத்திருக்காளேன்னு யோசிப்ப. போன்ல அப்பா பக்கத்துலயே உக்கார்ந்திருக்காரு, நீயும் சீக்கிரம் சொல்லும்மா லேப்ல கூப்பிடுறாங்கம்பே. இது சீக்கிரம் சொல்ற விஷயம் இல்ல.

நம்ம ஃபுட்பால் டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கின அன்னைக்கு நீ போன் பண்ணி, பசையையும் ஒட்டகத்தையும் டீமை விட்டு அனுப்பின புத்திசாலி யாருப்பான்னு கேட்ட. அப்பா கிளப் செயலாளர்தான்னு சொல்லிட்டு போனை என்கிட்ட நீட்டிட்டாரு. நானும் டீம் பேச்சை விட்டுட்டு சளி விட்டுச்சான்னு கேட்டேன். மறுநாள் நீ ரசிகர் குரூப்புல செயலாளரைத் திட்டி எழுதினதை தம்பி காட்டினான். செவ்வாய்க்கிழமை அவரு பனியன் செட்டு வாங்க கிளப்புல நான் துவைக்கிற ரூமுக்கு வந்தாரு. எண்ணி வாங்கிக்கிட்டு, வாசல் வரைக்கும் போனவரு திரும்பி, உங்க பொண்ணு நல்லா எழுதுதும்மான்னாரு. அவ்வளவுதான். கோபமா சொல்லியிருந்தாக்கூட நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். மனுஷன் மெதுவா சொன்னாரு, எனக்கு நிக்கத் தரையில்லாமப் போச்சு. ஏன்னா அனுப்பினது அவரு இல்லடி. நாங்கதான். உங்க அப்பாவும் நானும். நீ குரூப்புல எழுதினதை முதல்ல அழிச்சுடு, அழிச்சுட்டு மேல படி.

போன வருஷம் நீ ஊருக்குப் போன ரெண்டாவது வாரம் மெம்பர் கூட்டம் நடந்துச்சு, ஷட்டில் ஆடுற ஹால்ல. டிஃபென்ஸ்ல ஆடுற பசை, ஒட்டகம் ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம் முடியுது, வச்சுக்கிறதா இருந்தா வேற ஆள் வாங்க முடியாது, விட்டா ஒரு பெரிய ஸ்ட்ரைக்கரைக் கொண்டு வரலாம், ஒரு வாரம் யோசிச்சுச் சொல்லுங்கன்னுதான் செயலாளர் சொன்னாரு. உங்க அப்பாதான் எழுந்தாரு. இதுல யோசிக்க என்னய்யா இருக்கு, வாரா வாரம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்னு பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கண்ணு பூத்துப் போச்சு, கோல் போடத்தான ஆட்டம், தடுக்கிறதுக்கா டிக்கெட் வாங்குறோம், இப்பவே கை தூக்கச் சொல்லுங்கன்னு ஒரே முழக்கம். ஹாலே கைதட்டுச்சு. எனக்குக்கூட அப்ப பெருமையா இருந்துச்சு, எத்தனை பேர் நடுவுல என் வீட்டுக்காரர் பேசுறாருன்னு. கை தூக்கச் சொன்னாங்க. அப்பா சொன்னதுக்காக நான் தூக்கினேன்னு உன்கிட்ட சொன்னா அது பொய். அந்த மாசம் பூரா மழை, மைதானம் சேறு. மத்தவங்க டிரெஸ்ஸெல்லாம் ஒரு தண்ணியில போயிடும், பசையோட டிரெஸ் மட்டும் மூணு தடவை ஊறப் போட்டு அலசணும், இடுப்புல புல்லுக் கறை, முழங்கையில ரத்தம், அதுக்குப் பச்சைத் தண்ணியில கையாலதான் கசக்கணும், மிஷின்ல போட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும். என் விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருந்துச்சு. இவ்வளவு அழுக்காகாத ஒருத்தன் வந்தா நல்லதுதானேன்னு ஒரே ஒரு நொடி நினைச்சேன். அந்த நொடியில கை மேல போயிடுச்சு. அவன் ஏன் அவ்வளவு அழுக்கானான்னு அந்த ஹால்ல தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.

வந்த ஸ்ட்ரைக்கருக்கு முதல் நாளே மாப்பிள்ளைன்னு பேர் வச்சாச்சு, தலை கலையாம வருவான், கலையாமப் போவான். குறை சொல்லக் கூடாது, முதல் ஆட்டத்துலயே ரெண்டு கோல் போட்டான், அப்பா பக்கத்து சீட்டுக்காரரைத் தூக்கிச் சுத்தி அன்னைக்கு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாரு. அவன் ஜெர்சி கூடையில வந்து விழும்போது சென்ட் வாசனை அடிக்கும், துவைக்காமலே மடிச்சு வைக்கலாம். ஆனா அவன் ரெண்டு போட்டா எதிராளி மூணு போட்டான், இவன் ஒண்ணு போட்டா அவங்க நாலு. ஒட்டகம் நின்ன இடத்துல ஒரு நல்ல பையனைத்தான் நிறுத்தினாங்க, பாவம், பந்து அவன் தலைக்கு மேலயே போகும், அவன் அண்ணாந்து பார்ப்பான். பசை இருந்தவரைக்கும் எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் தண்ணி குடிக்கப் போனாக்கூடக் கூடவே போவான், இப்ப அவனவன் நடந்து வந்து கோல் போட்டுட்டுப் போறான். அப்பா கேலரியில எழுந்து நின்னு, யாராவது போய் அவனைப் பிடிங்கடான்னு தொண்டை கிழியக் கத்துவாரு, என் ரூமுக்கே கேக்கும். பிடிக்கத்தான் ஆளில்லையே. ஒட்டகம் தூரத்துல ஒரு டீமுக்கு இப்ப கேப்டனாம். பேப்பர்ல போட்டோ வந்துச்சு, அப்பா அந்தப் பக்கத்தை மட்டும் படிக்காமத் திருப்பினாரு. இன்னொரு வேடிக்கை கேளு, அன்னைக்குக் கை தூக்கினது நூத்துக்கும் மேல, இப்ப யாரைக் கேட்டாலும் அன்னைக்கு நான் வரவே இல்லைங்கிறாங்க. அப்ப அந்தக் கையெல்லாம் யாரோட கைன்னு தெரியல.

அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பசை இப்ப ஆடுற டீம் நம்ம மைதானத்துக்கு வந்துச்சு. நாம தோக்காம இருந்தாப் போதும், தப்பிக்க இன்னும் வழி இருந்திருக்கும். மாப்பிள்ளைக்கு மூணு தடவை நல்ல பந்து வந்துச்சு, மூணு தடவையும் அவன் காலுக்கு முன்னாடி பசையோட கால் இருந்துச்சு. கடைசியில ஒரு கார்னர் கிக்குல நம்ம ஆளுங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்க, கோல் விழுந்துச்சு. முடிஞ்சுது. அவங்க ஆளுங்க குதிச்சாங்க, பசை மட்டும் குனிஞ்சு லேஸைக் கட்டிக்கிட்டே இருந்தானாம், தம்பி பார்த்திருக்கான். கொஞ்ச நேரத்துல பசை என் ரூம் கதவைத் தட்டிட்டு உள்ள வந்தான். கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் சேறு, வேற டீம் ஜெர்சி, பார்க்கவே என்னமோ மாதிரி இருந்துச்சு. நல்லா இருக்கீங்களாக்கா, விரல் ஆறிடுச்சான்னு கேட்டான். இங்க இருக்கும்போது காலுறையைச் சுருட்டாம நேராக்கிக் கூடையில போடுற ஒரே ஆளு அவன்தான், என் கையை அவன் பார்த்திருக்கான் பாரு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன். அவன் சம்சாரத்துக்கு இங்கதான பள்ளிக்கூட வேலை, குழந்தையும் இங்கதான் ஒண்ணாவது, அவங்க ரெண்டு பேரும் இங்க, இவன் அங்க ஒரு ரூம்ல தனியா, திங்கக்கிழமை மட்டும் வந்து பார்த்துட்டுப் போறானாம்.

அப்புறம் அவனே சொன்னான். அக்கா, அன்னைக்கு ஹால்ல நானும் இருந்தேன், பின்னாடி வாசலோரம் நின்னேன், எப்படியும் இங்கயே இருந்துடறேன், என்ன கொடுத்தாலும் சரின்னு சொல்லத்தான் வந்தேன், கை தூக்கச் சொல்லிட்டாங்க, எனக்குக் கூட்டத்துல பேசப் பழக்கமில்ல, யாராவது ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா அந்தத் தெம்புல நானும் பேசிடலாம்னு நின்னேன், உங்களைத்தான்க்கா பார்த்துக்கிட்டு நின்னேன்னான். சொல்லிட்டு உடனே, கோவத்துல சொல்லலக்கா, மனசுல இருந்துச்சு சொல்லிட்டேன்னான். தப்புப் பண்ணிட்டேன்பான்னு மட்டும்தான் வாயில வந்துச்சு. அந்த ஜெர்சியைக் கழட்டிக் கொடு, அலசித் தர்றேன்னேன். வேண்டாம்க்கா, எங்க டீமுக்கு ஆள் இருக்காங்கன்னான். எங்க டீம்னு அவன் சொன்னது எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு டம்ளர் தண்ணி கேட்டான், குடிச்சான், டம்ளரைக் கழுவிக் கவுத்துட்டுப் போனான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நீ போன் பண்ணி முடிச்ச பிறகுதான் சொன்னேன். அவரு சண்டைக்கு வருவாரு, அவன் டீம்தான நம்மள இறக்குச்சும்பாருன்னு நினைச்சேன். வாசல்லயே நின்னானான்னு மட்டும் ஒரு தடவை கேட்டாரு. அந்த வாரம் பூரா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டே வேலைக்குப் போனாரு வந்தாரு. அடுத்த ஞாயிறு நமக்கு இங்க கடைசி ஆட்டம். கல்யாணத்துக்கு அப்புறம் இங்க நடந்த ஒரு ஆட்டத்தைக்கூட விடாத மனுஷன் காலையிலயே சட்டையை மாட்டிக்கிட்டு, பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வர்றேன்னு கிளம்பிட்டாரு. ஸ்டாண்டுக்குத்தான் போயிருக்காரு, அங்கேர்ந்து ரெண்டரை மணி நேரம் பஸ்ல பசையோட மைதானத்துக்கு. ஆட்டம் முடிஞ்சதும் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும்னு. டிக்கெட் எடுத்து அவங்க ரசிகர்களுக்கு நடுவுல போய் உக்கார்ந்திருக்காரு. பாதி ஆட்டத்துல முன்னாடி சீட்டுல ஒருத்தன், இந்தப் பசைப் பயலை எதுக்கு வச்சிருக்காங்க, ஒரு வருஷத்துல ஒரு கோல் போட்டிருக்கானா, இவனை அனுப்பிட்டு நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்கணும்னு சொல்லியிருக்கான். சுத்தி உக்கார்ந்திருந்தவங்க எல்லாம் ஆமாம் ஆமாம்னிருக்காங்க. உங்க அப்பாவுக்கு அதுக்கு மேல தாங்கல. எழுந்து நின்னு, அடப் பாவிகளா, இதே வார்த்தையைத்தான்டா நானும் சொன்னேன், சொன்ன வாயி இன்னைக்கு எங்க வந்து உக்கார்ந்திருக்கு பாருங்கடான்னு கத்தியிருக்காரு. நீ எந்த டீமுய்யான்னு கேட்டிருக்காங்க. இவரு சும்மா இருக்கக் கூடாதா, நம்ம டீம் பேரைச் சொல்லியிருக்காரு. போன வாரம் கீழ இறங்கினீங்களே அவங்களான்னு ஒரே சிரிப்பு. இவரு அவன் சட்டையைப் பிடிக்க, அவன் இவரு சட்டையைப் பிடிக்க, காவலுக்கு நின்னவங்க வந்து ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியே இவரை வெளிய கொண்டு போய் விட்டுட்டாங்க. திரும்ப உள்ள விடல. பயப்படாத, அடியெல்லாம் ஒண்ணும் இல்ல. சட்டைப் பை கிழிஞ்சு தொங்க, பார்க்கப் போனவனைப் பார்க்காமலே வந்து சேர்ந்தாரு.

வந்து கால் கழுவிட்டு உக்காரக்கூட இல்ல, என் போன் அடிச்சுச்சு. பசை. அக்கா, அண்ணன் பத்திரமா வீடு வந்துட்டாரான்னான். உனக்கு எப்படிப்பா தெரியும்னேன். கேலரியில சத்தம் கேட்டுச்சுக்கா, அந்தக் குரலை எனக்குத் தெரியாதா, ஆனா ஆட்டத்தை விட்டுட்டு எப்படி வர்றது, எங்க ஆளுங்க அடிச்சுட்டாங்களோன்னு மனசு அடிச்சுக்கிச்சுன்னான். நான் போனை அப்பாகிட்ட கொடுத்தேன். வாங்கிக் காதுல வச்சுக்கிட்டு, நான்தான் தம்பி முதல்ல எழுந்தேன், செயலாளர் யோசிக்கச் சொன்னாரு, நான்தான் விடலன்னாரு. அந்தப் பக்கம் அவன் என்னமோ பேசிக்கிட்டே இருந்தான், இவரு ம், ம்னு கேட்டுக்கிட்டு, கிழிஞ்ச பையோட நூலை ஒவ்வொண்ணா பிச்சுக்கிட்டு இருந்தாரு. வச்ச பிறகு என்ன சொன்னான்னு கேட்டேன். அடுத்த தடவை வரும்போது ஒரு போன் போட்டுட்டு வாங்கண்ணே, ஆட்டக்காரங்க வீட்டு ஆளுங்க உக்கார்ற வரிசையில உங்களுக்கு ஒரு சீட்டு வாங்கி வைக்கிறேன், அங்க யாரும் சட்டையைப் பிடிக்க மாட்டாங்கன்னானாம். சொல்லி முடிச்சதும் அப்பா சட்டையைத் தூக்கி என் மடியில போட்டுட்டு, தைச்சு வைன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டாரு.

அடுத்த வாரம் அவங்களுக்கு அங்க கடைசி ஆட்டமாம், அப்பா போகும்போது நானும் கூடப் போகலாம்னு இருக்கேன். நீ எந்த ஊர்ல எந்த வேலையில இருந்தாலும் உன் அருமை தெரிஞ்சவங்க நடுவுல இருக்கணும், நூறு வருஷம் நோய் நொடியில்லாம நல்லா இருக்கணும், அதுக்கு மேல எனக்கு வேண்டுதல் கிடையாது. கண்ணாடிப் பவரைப் பார்க்கச் சொல்லி ஆறு மாசமாச் சொல்றேன், இந்த மாசமாவது போ. ராத்திரி டியூட்டின்னா பையில பிஸ்கட் வச்சுக்கோ. அப்பாகிட்ட இதைப் பத்தி நீயா ஒண்ணும் கேக்காத, அவரே ஒரு நாள் சொல்லுவாரு, அப்ப முதல் தடவை கேக்குற மாதிரி கேட்டுக்கோ.

எப்பவும் உன் நினைப்பா இருக்கிற,
அம்மா