மின்னல் பாக்குற வேலை

பிரியமுள்ள சலீம் பாய்க்கு,

நீங்க போன பிறகு வந்த முதல் கோடை மழையைப் பிடிச்சாச்சு. அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். தோல் ஃபேக்டரி லீவு விட்ட நாளெல்லாம் பறவை, தவளை, மழைன்னு ஜவ்வாது மலையில சத்தம் பதிஞ்சுக்கிட்டுத் திரிஞ்ச ரெண்டு பைத்தியத்துல ஒண்ணுதான் பாக்கி. வேற யாருகிட்ட சொன்னாலும், "மழையையா? அதுக்கா புதூர்நாடு வரைக்கும் போனே?"ன்னு கேக்குறாங்க.

புது ரெக்கார்டர் வாங்கிட்டேன். முறைக்காதீங்க. உங்க பழைய மெஷினை உங்க வூட்டுக்காரம்மா நஸீமா அக்கா என் கையிலதான் கொடுத்தாங்க, பத்திரமா இருக்கு. ஆனா அதை வச்சு ஒத்தை ஆளு வேலை செய்ய முடியுமா? நான் மைக்கைப் பிடிப்பேன், நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு வானத்தையே பாத்துட்டிருப்பீங்க. மின்னல் வெட்டினதும், இடியில பதிவு கிழிஞ்சிடாம சத்தத் திருகைக் குறைச்சிட்டு என் தோளை ஒரு அமுக்கு அமுக்குவீங்க. அப்புறம்தான் இடி வரும். "இடிக்குப் பயப்படுற ஆளு இடியப் புடிக்க வந்துட்டான் பாரு"ன்னு திரும்புற வழியெல்லாம் சிரிப்பீங்க.

புதுசுல திருகே இல்ல பாய். சில்வண்டும் இடியும் ஒரே பதிவுல உடையாம வந்துடுது. வூட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல சத்தத்தை ஏத்தி இறக்கிக்கலாம். உங்களுது மாதிரி பேட்டரியைத் தின்னாது. சத்தமே இல்லாத இடத்துல உங்க மெஷின் 'ஸ்ஸ்'னு இழுக்குமே, அந்த இரைச்சலும் கிடையாது. "இதுக்குக் கூடமாட ஒரு ஆளே வேணாம் சார்"னு கடைக்காரர் சந்தோஷமா சொன்னார். அவருக்கு இன்னா தெரியும்?

இந்த மழையைக் கேட்டது அக்காதான். "வருஷா வருஷம் ரெண்டு பேரும் ஓடுவீங்களே தம்பி, இந்த வருஷ மழைய எனக்குப் போட்டுக் காட்டு"ன்னாங்க. நீங்க போனதிலேர்ந்து அவங்க வாய்விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். கோட்டை விடக்கூடாதுன்னு ரெண்டு மெஷினையும் எடுத்துட்டுப் போனேன்.

நாம ஒதுங்குற அதே ஓட்டுக் கொட்டகை. புதுசை ஸ்டாண்டுல வச்சேன். உங்களுதை மடியில வச்சு, ஒரு கையில மைக், ஒரு கையில திருகு. ஜீப்புல போனவர் ஒருத்தர் நிறுத்தி, "இன்னா சார், தனியா உக்காந்துட்டீங்க, பாய் வர்லியா?"ன்னு கேட்டார். சேதி தெரியாது போல. வரலன்னு மட்டும் சொன்னேன்.

சில்வண்டு கத்தி ஓஞ்சுது. காத்து வந்துச்சு, பலா இலை மேல தூறல் விழுந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. நான் குனிஞ்சு மெஷினையே பாத்துட்டிருந்தேன், மின்னலை யார் பாக்கறது? நீங்க தோளை அமுக்குவீங்கன்னு எனக்கே தெரியாம உடம்பு காத்துக்கிட்டு இருந்திருக்கு பாய். இடி வந்ததும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. உங்க மெஷின்ல அந்த இடம் 'பர்ர்'னு கிழிஞ்சு கிடக்கு. புதுசுல முழுசா இருக்கு.

மறுநாள் வாணியம்பாடி போய்ப் புதுசுல எடுத்ததைப் போட்டேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாங்க. "நல்லா வந்திருக்கு தம்பி"ன்னாங்க, அவ்வளவுதான். அப்புறம், "அவர் மெஷின்ல எடுக்கலியா?"ன்னு கேட்டாங்க. அது கெட்டுப்போச்சுக்கான்னு சொல்லியும் விடல. போட்டேன். கிழிஞ்ச இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாங்க.

"இங்கதான் அவரு குறைச்சிருப்பாரு, இல்ல?"

ஆமாங்க்கான்னேன்.

"இந்தப் பதிவ எனக்குக் குடுத்துட்டுப் போ. நல்லா வந்தது உன்கிட்டயே இருக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுக்கிட்டேதான் வந்தேன் பாய், வெக்கமே இல்லாம.

அடுத்த மழைக்கும் ரெண்டையும் எடுத்துட்டுப் போவேன். புதுசு ஸ்டாண்டுல, உங்களுது மடியில. இனி வானத்தையும் நானே பாத்துக்குறேன். இடிக்குத் தூக்கிப் போடுறதை மட்டும் மாத்திக்க முடியும்னு தோணல. வலது பக்கம், உங்க இடத்துல, பையைக்கூட வைக்க மாட்டேன்.

அக்கா வழியில உங்களுக்கு மச்சான்,
செல்வம்