வாதுமை மரம் இருந்த இடம்

செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும். மரத்தைப் பற்றிப் போனில் பேச மறுபடி நா எழவில்லை, அதனால்தான் கடிதம்.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்வது போன்ற, கம்பியில்லாமல் வேகமான இன்டர்நெட் தரும் பெட்டி ஒன்றை நம் மொட்டைமாடியில் வைத்துச் சோதிக்க ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள் அல்லவா, அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சமே வேறுபட்ட இரண்டு லேசர் ஒளிகளைக் கண்ணாடி இழையில் சேர்த்து அனுப்பினால் மறுமுனைப் பெட்டியில் அந்த வேறுபாடே ரேடியோ அலையாகிவிடும் என்று நீ சொன்னதை மாடிப்படியில் நின்று எல்லோருக்கும் விளக்கினேன். "பொண்ணு படிச்சதுக்கு அப்பா பாடம் எடுக்கிறார்" என்று அம்மா கேலிகூடச் செய்தாள். ஆனால் பெட்டியை வைத்தும் எதிர்க் கட்டடத்துக்கு அலை போய்ச் சேரவில்லை. நடுவில் வாதுமை மரம் நிற்கிறது, இந்த அலைக்கு இலை தழை ஆகாது என்றார் டெக்னீஷியன். ஒரு மரந்தானே, வெட்டிவிடலாம் என்றேன். நான் குடியிருப்புச் சங்கத் தலைவன், மறுத்துப் பேச ஆளில்லை. எதிர்க் கட்டடத்து முதல் மாடி டிரைவர் அண்ணன், உன்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிப்போனவர், அவர் மட்டும் தயங்கித் தயங்கி, "சார், அவ படுத்த இடத்துலேர்ந்து பாக்கறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றார். அண்ணி இடுப்பொடிந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடப்பது எனக்குத் தெரியாததா, தெரிந்தும், "வேற மரம் வச்சுக்கலாம் அண்ணே" என்று வாயை அடைத்துவிட்டேன். மறுநாளே ரம்பம் வந்துவிட்டது, மரம் சாய்ந்ததும் அலையும் எதிர்க் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

போனில் உன்னிடம் பெருமையாகத்தான் சொன்னேன். நீயோ, "ஏம்பா வெட்டுனீங்க, இழை போற இடத்துல எல்லாம் அலையை உண்டாக்கலாம்ங்கறதுதானே இதுல வசதியே, எதிர்ப்பக்கம் இழையை இழுத்து இன்னொரு சின்னப் பெட்டி வச்சிருந்தா போதுமே" என்றாய். ஊருக்கெல்லாம் விளக்கியவனுக்கு அது உறைக்கவில்லை பார்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதிய வெயில் நேரே அண்ணி முகத்தில் அடிக்கிறது. கையோடு கொண்டுபோன திரையை நானே மாட்டினேன். "மூடினா காத்து வரலை, திறந்தா கண்ணு கூசுது, பரவாயில்ல தம்பி, நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறேன்" என்றார். அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அதைக் குடித்திருப்பேன். கன்று நட்டாயிற்று, ஆனால் அது ஜன்னல் உயரம் வளரும்வரை அண்ணி இருக்கவேண்டுமே. நீ எங்கே பெட்டி வைக்கச் சொன்னாலும் அது எந்த ஜன்னலுக்கு எதிரே வருகிறது என்று முதலில் போய்ப் பாரம்மா.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். மறக்காமல் அண்ணியை ஒருநாள் வீடியோவில் கூப்பிடு, உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெட்டி வந்தபிறகு உன் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியும், அது ஒன்றுதான் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அப்பா