பெரியண்ணா எழுதிவைத்த உறுதி

பலெர்மோ
6.8.1992

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. நான் வேலை செய்கிற சிஞ்ஞோரா வீட்டார் மொண்டெல்லோக் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் குளிக்க, நான் துவாய் உலர்த்துகிறேன். நீங்களும் மச்சாளும் சுகம் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நியூயோர்க்கில் முத்திரை விற்பதை நிறுத்திவிட்டார்களோ?

விசயத்துக்கு வருகிறேன். என் நிலக்ஷியை இங்கே கூப்பிட பெப்ரவரி ஒன்பதாம் திகதி வரைக்கும்தான் நேரம். அன்று அவளுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு தாய் பிள்ளையைக் கூப்பிடுகிற விசா கிடையாது. விசாக் கடதாசி பார்க்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், என் பெயரில் வீடு வேண்டும் என்கிறார்கள். சிஞ்ஞோராவின் குசினிக்குப் பின்னால் நான் படுக்கிற அறையை வீடு என்று காட்ட முடியாது. பிரான்காச்சோவில் ஒரு மாடிவீடு இருக்கிறது. ஒரு வருட வாடகையை முன்னுக்கே கேட்கிறான்.

பிள்ளை கொழும்பில், இங்கே எனக்குத் தெரிந்த யோசப்பின் அக்காவின் வாடகை அறையில் தனியே இருக்கிறாள். படிப்பு நின்று இரண்டு வருடம். போன மாதம் பொலிஸ் சோதனை என்று ஏற்றிக்கொண்டுபோய் மறுநாள்தான் விட்டார்களாம். எனக்கு நித்திரை இல்லை.

பெரியண்ணா சாகமுன் அவளுக்கென்று எழுதிவைத்த காசுக்கு நீங்கள்தானே பொறுப்பாளர். அதில் இந்த வாடகையை மட்டும் எடுத்துத் தாருங்கோ.

தங்கை
ரதி


நியூயோர்க்
29.8.1992

அன்புத் தங்கைக்கு,

முத்திரை விற்கிறார்கள். ஒட்டத்தான் எனக்கு நேரமில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் டாக்சி ஓடுகிறேன். என் கையில் இருந்தால் இன்றைக்கே அனுப்பியிருப்பேன். வீடியோக் கடை விழுந்த கடன் இன்னும் கழுத்தில் இருக்கிறது.

பெரியண்ணாவின் உறுதிப்பத்திரம் பொல்லாத உறுதி. எழுதியவரே உயிரோடு வந்தாலும் மாற்ற முடியாது. பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது. ஆனால் அதை எழுதிய லோயர் ஒரு நல்ல செய்தி சொன்னார். போன மாதம் இந்த மாநிலத்தில் சட்டத்தை மாற்றியிருக்கிறார்களாம். பொறுப்பாளருக்கு முழு அதிகாரம் கொடுத்திருந்தால், அவர் அந்தக் காசைப் புதிய உறுதி ஒன்றுக்கு மாற்றலாமாம். புதியதில் வாடகைக்கும் என்று எழுதலாம். எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பெரியண்ணாவின் பைலை எடுத்துப் பார்க்கப்போகிறார்.

இருக்கும். சொந்தக்காரர் எல்லாரும் என்னைக் கள்ளன் என்றபோது அவர் ஒருத்தர்தான் நம்பினார். இல்லாவிட்டால் ஏன் என்னைப் பொறுப்பாளராகப் போடுகிறார்? நீ வீட்டைப் பிடித்து வை.

அண்ணன்
விக்னராஜா


பலெர்மோ
17.9.1992

அன்புள்ள சின்னண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வியா மக்வேதா வீதியில் நடந்துகொண்டே வாசித்து, ஒரு கிழவியோடு மோதி ஏச்சு வாங்கினேன். வாங்கினால் என்ன. வீட்டுக்காரன் டிசம்பர் வரைக்கும் பொறுக்கிறேன் என்றான். நிலக்ஷிக்கு ரெலிபோனில் சொன்னேன். "மெய்யாத்தானோ அம்மா? நான் உடுப்பு அடுக்கட்டோ?" என்றாள். அடுக்கு பிள்ளை என்றேன்.

ஒரு விசயம். உறுதியை மட்டும் பார்த்தால் போதாதோ? பைலில் பழைய கடதாசிகளும் கிடக்கும். செத்தவரின் சாமானைக் கிண்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊரில் என் இனுவில் வீட்டை நீங்கள் விற்ற பிறகு நான் ஆருக்கு என்ன எழுதினேன், என்ன கதைத்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

ரதி


நியூயோர்க்
21.11.1992

ரதிக்கு,

சரிவரவில்லை. புதிய சட்டம் முழு அதிகாரம் உள்ள பொறுப்பாளர்களுக்குத்தான். எனக்குக் கட்டணத்துக்குக் கையெழுத்து வைப்பதைத் தவிர ஒரு அதிகாரமும் இல்லை. நீதிமன்றம் போகலாமாம். ஒரு வருடத்துக்கு மேல் இழுக்கும், அதுவும் நிச்சயமில்லை.

ஏன் இப்படி இறுக்கி எழுதினார் என்று லோயரிடம் கேட்டேன். பைலுக்குள் இருந்து ஒரு நீல எயர்மெயிலை எடுத்துத் தந்தார். தமிழில் இருந்ததால் அது என்னவென்று அவருக்குத் தெரியாது. நீ பெரியண்ணாவுக்கு எழுதியது.

"சின்னண்ணா என்ரை வீட்டை வித்துத் திண்டவர். பிள்ளையின்ரை காசையும் திண்பார். வேறை ஆள் இல்லையெண்டால் அவரைப் போடுங்கோ. ஆனால் அவர் தலைகீழாய் நிண்டாலும் ஒரு சதமும் எடுக்கேலாதபடி எழுதுங்கோ."

ஓரத்தில் பெரியண்ணா 'சரி' என்று எழுதியிருக்கிறார்.

லோயரின் கந்தோரிலேயே அழுதுவிட்டேன். விற்றது உண்மை. உன் சீதன வீடு, உன்னைக் கேட்காமல் விற்றேன். நீ பயந்ததில் பிழை இல்லை. ஆனால் இந்த மூன்று மாதமும் நான் அலைந்ததை நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

தெரிந்த எல்லோரிடமும் கைமாற்றுக் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் தரவில்லை.

விக்னராஜா


பலெர்மோ
12.2.1993

அண்ணா,

ஒன்பதாம் திகதி போய்விட்டது. வீடு டிசம்பரிலேயே போய்விட்டது. சிஞ்ஞோராவின் வீட்டையாவது காட்டலாமா என்று கெஞ்சிப் பார்த்தேன். கடதாசி, கையெழுத்து என்றதும் பயந்துவிட்டா.

பிறந்தநாளன்று நிலக்ஷியோடு கதைத்தேன். அவள் அழவில்லை. "மாமா அந்தக் காசைத் திண்டிட்டாரோ அம்மா?" என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, நான்தான் பூட்டச் சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. நான் பேசாமல் நின்றதை அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள். ரெலிபோன் அட்டையில் இன்னும் காசு இருந்தது. நான்தான் ரெலிபோனை வைத்தேன்.

மூன்று நாளாய் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. அவளிடம் உண்மையைச் சொல் என்றால் சொல்கிறேன்.

ரதி


நியூயோர்க்
3.3.1993

ரதிக்கு,

சொல்ல வேண்டாம். அவள் அப்படியே நினைக்கட்டும். அந்த அறையில் தனியே இருக்கிற பிள்ளைக்குக் கதைக்க ஒரு தாய் வேண்டும். மாமன் இல்லாமல் இருக்கலாம்.

இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. எனக்கு உன்மேல் கோபம். அது ஆற நாளாகும். ஆறாமலும் போகலாம்.

அவளுக்கு எங்காவது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் எழுது. அன்றைக்கே கையெழுத்து வைப்பேன். வேறெதற்கும் எழுத வேண்டாம். எழுதுவதை லோயரின் விலாசத்துக்கு அனுப்பு. வீட்டுக்கு அனுப்பாதே.

க. விக்னராஜா
பொறுப்பாளர்