பெயரில்லாத இரண்டு தொட்டிகள்

கொடுமுடி,
20.9.2025

அன்புள்ள லின்சி,

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆய்வகம் முழுக்க உன் புகழ்தானாம். மீனுக்கு இரை போடும் கண்ணையா போனில் என்னிடமே சொல்கிறார்: "லின்சியம்மணி வந்ததுக்கப்புறம் மீனெல்லாம் நல்லா முட்டை வெக்குதுங்க." நான் இருந்தபோது கல்லையா வைத்தன?

கடைசி இரண்டு தொட்டிகளும் என்னுடையவை. மீன் மூளையைக் காக்கும் செல்கள் இரண்டு கூட்டமாகப் பிறக்கின்றன. கருவின் தலைப்பக்கம் முதலில் பிறக்கும் கூட்டத்துக்கு ஒரு தொட்டியில் சிவப்புக் குறி வைத்தேன். பிறகு முதுகு ரத்தக்குழாயில் பிறக்கும் கூட்டத்துக்கு மற்றதில். வளர்ந்த மீனின் மூளையில் தங்குவது எது? அதை நான்தான் முதலில் பார்க்க வேண்டும். நீ தொடாதே.

எரிச்சலோடும் அன்போடும்,
லாஸ்யா

கணபதி, கோவை
3.10.2025

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்க. சொல்லவே பயமாக இருக்கிறது.

நான் விடுமுறைக்குக் காங்கேயம் போயிருந்தேன். ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைக் கழுவி, தொட்டிகளை இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப அடுக்கியிருக்கிறார்கள். எல்லாத் தொட்டியிலும் பெயர் ஒட்டியிருந்தது, உங்களுடைய இரண்டில் மட்டும் இல்லை. "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க அம்மணி, எது மேல இருந்துச்சுன்னு தெரியாம வெச்சுப்போட்டேன்" என்று கண்ணையா அண்ணன் அழுகிறார்.

நம் பேராசிரியர் ஐயா சொன்னதால் இரண்டிலும் சில மீன்களைப் பார்த்தேன். ஒரு தொட்டியில் மூளை முழுக்கச் சிவப்பு. மற்றதில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு கூட்டம்தான் தங்கியிருக்கிறது அக்கா. எந்தக் கூட்டம் என்றுதான் தெரியவில்லை.

பெயரை யார் எடுத்தது? வேறு அடையாளம் உண்டுங்களா?

உங்கள் தங்கை,
லின்சி

கொடுமுடி,
8.10.2025

லின்சி,

எடுத்தது நான்தான். நான் இல்லாத நேரத்தில் நீ பார்த்து, உன் பெயரில் எழுதிவிடுவாய் என்ற பொறாமை. மேல் தட்டில் முதல் கூட்டம், கீழே இரண்டாவது. அது என் மனதில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். வேறு அடையாளம் கிடையாது. கண்ணையா மேல் தப்பில்லை என்று ஐயாவுக்கு எழுதிவிட்டேன்.

எது எதுவென்று என்னால் ஊகிக்க முடியும். ஊகத்தை வைத்துக் கட்டுரை எழுத முடியாது.

அடுத்த வாரம் பிரசவம் என்கிறார் டாக்டர். அதற்குப் பிறகும் ஆறு மாதம் என்னால் வர முடியாது. புதிதாக முட்டை எடுத்து நீயே குறி வை. எப்படி வைப்பது என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கட்டுரையில் முதல் பெயர் உன்னுடையது. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, இதை எழுதும்போதே வயிறு எரிகிறது.

எந்தக் கூட்டம் என்று தெரிகிற அன்றைக்கு, ஐயாவிடம் ஓடுவதற்கு முன்னால் என்னிடம் சொல். பிள்ளை எவ்வளவு அழுதாலும் கேட்கிறேன்.

லாஸ்யா