உன் கழுத்தில் நான் போட்ட மாலை

மச்சான்,

இன்று மதியம் கோயில் வாசலில் லோரியிலிருந்து கூடாரத்து இரும்புக் குழாய்களை இறக்கினார்கள். ஒன்று கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஓடிப்போய்த் தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். எட்டு வருடமாக எனக்கு அந்தச் சத்தம் என்றால் உன் மண்டைதான்.

இந்த வருடம் மறுபடியும் பத்துமலைக்கு நடக்கிறோம். அதைப் பற்றிப் பேசத்தான் இன்று கூடினோம். அசாம் ஜாவாவில் புறப்பட்டு, ஈஜோக் தாண்டி, சுங்கை பூலோ வழியாக அதே இரண்டு நாள் நடை. யாருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை. திட்டம் போடுவது எப்போதும் உன் வேலையாகத்தானே இருந்தது? நீ ஒருநாளும் காவடி எடுத்ததில்லை, விரதம் இருந்ததில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்பே என்னை மோட்டாரின் பின்னால் ஏற்றிக்கொண்டு மொத்த ரோட்டையும் பார்த்துவிட்டு வருவாய். எங்கே நிழல், எங்கே நாய்த் தொல்லை, எந்த எண்ணெய் நிலையத்தில் கக்கூஸ் சுத்தம் என்று எல்லாம் உன் சிகரெட் அட்டையில் இருக்கும். "சாமி மலையிலதான் இருக்காரு, எங்கயும் ஓடிற மாட்டாரு. மூத்திரம் போற எடந்தான் மொதல்ல தெரியணும்" என்பாய்.

என்னை மாலை போட வைத்தவனும் நீதான். சுங்கை செம்பிலாங்கில் மீன் வாங்கப் போன இடத்தில், என் மோட்டாரைச் சாய்த்துவிட்டவனை நான் முன்பல் உடைய அடித்தேனே, அதற்கு மறுவாரம். "நீ காவடி எடுடா. நாப்பத்தெட்டு நாளாவது ஊரு நிம்மதியா இருக்கும் லா" என்று பூசாரியிடம் இழுத்துப்போனாய். உருத்திராட்ச மாலை கழுத்தில் ஏறிவிட்டால் எல்லாரும் நம்மைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். மாலை போட்டவன் யார் மேலும் கை நீட்டக் கூடாது. அந்த மாலையைத் தரையில் வைக்கக் கூடாது, கறி தின்ற உடம்பில் படக் கூடாது. அத்தனையையும் நான் கட்டிக்காத்தேன், மச்சான். ஆறு வருடம், ஒவ்வொரு வருடமும் நாற்பத்தெட்டு நாள், ஒருவனைக்கூட அடிக்கவில்லை. ஏழாவது வருடம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்றும் இதே இடம், இதே கூடாரம். நம் தோட்டத்து மேல் டிவிசனும் மணியத்தின் கீழ் டிவிசனும் சேர்ந்து நடப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எந்த டிவிசன் வேல் முன்னால் போவது என்று பேச்சு வந்தது. "போன வருசம் நீங்க போனீங்க, இந்த வருசம் எங்க மொறை" என்றேன். நியாயமான பேச்சுதான்.

மணியம் சிரித்தான். "ஒங்க டிவிசன் எங்கடா இருக்கு? அதான் லயத்தையெல்லாம் தள்ளிட்டானுங்களே. இல்லாத லயத்துக்கு என்னாத்துக்குடா வேலு?"

அவன் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள். மண்வாரி இயந்திரம் நாம் குடியிருந்த லயத்து வீடுகளைத் தள்ளி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அம்மா செத்த அறையின் சுவர் விழுந்ததை நானும் நீயும் நின்று பார்த்தோம். நீ என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாய். "விடு சாமி. மாலை போட்டிருக்க."

அந்த ஒரு வார்த்தையில் நான் அடங்கியிருக்க வேண்டும். எனக்குத்தான் புத்தி கோணலாக வேலை செய்யுமே. மாலை போட்டவன்தானே அடிக்கக் கூடாது? கழற்றிவிட்டால்? கழற்றினேன். தரையில் வைக்க முடியாது. பக்கத்தில் இருந்தவன் நீ. உன் தலை வழியாக மாட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு மணியத்தையே பார்த்திருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

"டேய், டேய்! நான் கறி தின்னுட்டு வந்திருக்கேன்டா!"

அன்று மதியம் உன் பெண்டாட்டி சரசு உனக்கு ஆட்டுக்கறிப் பிரட்டல் செய்து போட்டிருந்தாள். அதனால்தான் கோயில் படியைக்கூட மிதிக்காமல் கூடாரத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். நான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி மணியம் முகத்தில் அடித்தேன். மூக்கு எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. அவன் சட்டையெல்லாம் ரத்தம். கீழே தள்ளி விலாவில் உதைத்தேன், மறுபடியும் உதைத்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. மூன்று மாதமாக நெஞ்சில் கட்டியாக இருந்தது இளகியது.

இரண்டு பேர் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். மணியம் எழுந்தான். கூடாரத்தின் மூலைக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். நீ நடுவில் வந்து நின்றாய். உன் இரண்டு கையும் மாலையில்தான் இருந்தன. கறி தின்ற உடம்பில் பட்டுவிடக் கூடாது என்று, ஈரத்துணியைப் பிடிப்பதுபோல், அதை நெஞ்சிலிருந்து தள்ளித் தூக்கிப் பிடித்திருந்தாய். செம்பனைக் குலையை ஒரே வீச்சில் லோரிக்குள் எறிகிற கை உன்னுடையது. அந்தக் கையை உயர்த்தியிருந்தால் குழாய் கையில் பட்டிருக்கும். நீ உயர்த்தவில்லை. "மாலைடா! மாலைடா!" என்று கத்தினாய். என்னிடம் கத்தினாயா, அவனிடமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குழாய் உன் இடது காதுக்கு மேலே இறங்கியது.

நீ மல்லாந்து விழுந்தாய். மாலை எப்படியோ கழுத்தைவிட்டு வந்திருந்தது. விழுந்தும் அது தரையில் படாமல் ஒரு கையை மேலே தூக்கி வைத்திருந்தாய். உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் என் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய்.

மணியம் சிறைக்குப் போனான். எனக்கு இரண்டு வாரம் போலீஸ் லோக்காப். திரும்பி வந்தபோது ஊர் ஒரு கதை வைத்திருந்தது. "பாவம், பயத்துல மரம் மாதிரி நின்னுட்டான்" என்றார்கள். சாப்பாட்டுக் கடையில் என் காது படவே சொன்னார்கள். மோட்டாரைச் சாய்த்தவன் பல்லை உடைத்த நான், டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வாயைத் திறந்தால் உன் கையில் இருந்தது யார் மாலை என்று சொல்ல வேண்டிவரும். கருமாதியன்று சரசு கேட்டாள். "கையத் தூக்கியிருந்தா எலும்புதானே ஒடஞ்சிருக்கும்? ஏண்ணே தூக்கல?" தெரியவில்லை தங்கச்சி என்றேன். நான் அடித்த அடி எல்லாவற்றையும்விடக் கேவலமானது அந்தப் பொய்தான், மச்சான்.

அதற்குப் பிறகு நான் மாலை போடவில்லை. இந்த வருடம் சரசுதான் பிடிவாதமாக நின்றாள். ரவாங் பேக்டரியில் லீவு போட்டுவிட்டு வந்து, நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து, உன்னை மாதிரியே திட்டம் போடுகிறாள். "நம்ப டிவிசன் வேலு போவணும்ணே. நீங்க மாலை போடுங்க." போட்டேன். இன்று பதினோராம் நாள்.

இன்று கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் மணியம் வந்தான். சிறையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறதாம். பாதியாக இளைத்திருந்தான். நான் உடைத்த மூக்கு கோணலாகவே கூடியிருந்தது. கூடாரத்துக்குள் வராமல் வெயிலில் நின்றபடி என்னைப் பார்த்துச் சொன்னான்: "சாமி, என் பேரையும் எழுதிக்குங்க. நானும் மலையேறணும்."

என்னைச் சாமி என்கிறான்! என் கை கழுத்துக்குப் போனது. மதியம் விழுந்த குழாய் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. எத்தனை எட்டு, எந்தக் காதுக்கு மேலே என்றுகூடப் பார்த்துவிட்டேன். மாலை மோவாய் வரை வந்துவிட்டது. அதை யாரிடம் கொடுக்கலாம் என்று திரும்பினேன். பக்கத்தில் சரசு நின்றிருந்தாள். அவள் கையை நீட்டவில்லை.

"இந்தத் தடவ யார் கழுத்துலண்ணே போடப் போறீங்க?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனாலும் கூடாரத்தில் எல்லாருக்கும் கேட்டது.

"ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன். தங்கச்சியை நீ, வா, போ என்று பேசிய வாய்க்கு அப்போது மரியாதை தானாக வந்தது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒங்க மாலையில அவரு ரத்தம் காஞ்சிருந்துச்சு. கறி சமைச்சுப் போட்டவ நானு. எனக்குத் தெரியாதா அவரு கை ஏன் எந்திரிக்கலன்னு? நீங்களா சொல்லுவீங்கன்னுதான் எட்டு வருசமா பாத்துக்கிட்டு இருந்தேன்."

கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "அவன் பயப்படல. பயந்து நின்னான்னு இனிமே யாரும் சொல்லாதீங்க. நான் அடிக்கிறதுக்காக என் மாலைய அவன் கழுத்துல போட்டேன். கறி தின்ன ஒடம்புல படக் கூடாதுன்னு ரெண்டு கையாலயும் அதத் தூக்கிப் புடிச்சிருந்தான். அதான் அடி தலையில விழுந்துச்சு." மணியம் வெயிலில் குந்தி உட்கார்ந்து அழுதான். அவனுக்கும் இது தெரியாது போலிருக்கிறது. எனக்கு இரக்கம் வரவில்லை. அழுகிறவனையும் உதைக்கத்தான் கால் துடித்தது. மோவாய் வரை வந்த மாலையை மட்டும் மறுபடியும் கழுத்துக்கே இறக்கிவிட்டேன்.

"மணியம் பேர எழுதவா?" என்று சரசு கேட்டாள்.

"எழுது."

"ஒங்களுக்குக் காவடிதானே?"

"வேணாம். பால்குடம்னு போடு. மணியத்த எனக்கு முன்னாடி போடு."

காவடி தோளில் உட்கார்ந்துகொள்ளும், கை சும்மா இருக்கும். எனக்குச் சும்மா இருக்கிற கை ஆகாது. பால்குடம் எடுக்கிற மலையடி ஆற்றங்கரையிலிருந்து மலையுச்சி வரை அவன் பிடரி என் கண்ணுக்கு நேரே ஏறிக்கொண்டிருக்கும். என் இரண்டு கையும் தலைக்கு மேலே குடத்தில் இருக்கும். ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், மச்சான்.